சென்னையில் வேலை கிடைத்தால் எந்தப் பகுதியில் குடியேறுவது?

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் சம்பளத்தைப் பற்றியும் சேர வேண்டிய தேதியைப் பற்றியும்தான் பேச்சு ஓடும். எங்கே தங்குவது என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் தலைதூக்கும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. தெரிந்தவர் காட்டிய முதல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, சாமான்களை லாரியில் ஏற்றிவிடுகிறோம். அந்த அவசர முடிவோடு, பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்வரை குடும்பமே வாழ வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி, மதுரை, சேலம், தஞ்சாவூர் போன்ற ஊர்களிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வருபவர்களை மனதில் வைத்து இந்த இயல் எழுதப்பட்டிருக்கிறது. இப்படி வருபவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, “ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பாத்துடுங்க” என்பது. தனி ஆளாக வருபவருக்கு அது சரி. குடும்பத்தோடு வருபவருக்குப் பாதிதான் சரி. வேலைக்குப் போகிறவர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். பகல் முழுக்க அந்தப் பகுதியில் வாழ்பவர்கள் மற்றவர்கள்: பள்ளிக்குப் போகும் பிள்ளை, மூட்டுவலியோடு இருக்கும் அம்மா, புது ஊரில் தனக்கும் ஒரு வேலை தேட நினைக்கும் மனைவி. வேலையும் நிரந்தரமில்லை. ஐ.டி. நிறுவனங்கள் ஒரு வளாகத்திலிருந்து இன்னொரு வளாகத்துக்கு ஆட்களை மாற்றுகின்றன. இரண்டு வருடத்தில் நீங்களே வேறு நிறுவனத்துக்குப் போகலாம். பிள்ளையின் பள்ளியையும் அம்மாவின் டாக்டரையும் அப்படி மாற்ற முடியாது.

எனவே தனியாக வெளியே போய்வர வீட்டில் யாருக்கு அதிகச் சிரமமோ, அவருடைய அன்றாடத்தை முதலில் வையுங்கள். வேலைக்குப் போகிறவரின் பயணத்தை அதற்கு அடுத்து வையுங்கள். வாடகை, மார்பிள் தரை, லிஃப்ட் எல்லாம் அதற்குப் பிறகு. இனி வரும் ஒவ்வொரு பகுதியும் இந்த வரிசையை எப்படிச் செயல்படுத்துவது என்று சொல்கிறது.

வந்ததும் நிரந்தர வீடு வேண்டாம்

முதல் இரண்டு மாதங்களுக்குத் தற்காலிக இடம் போதும். தனியாக வரும் ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. வேளச்சேரி, தரமணி, சோழிங்கநல்லூர், போரூர் பக்கம் மாதக் கணக்கில் தங்கும் பி.ஜி. விடுதிகள் ஏராளம். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் உள்ளன. முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதால் வேலை உறுதியானதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால், கல்வியாண்டு முடியும்வரை குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும். பிரிந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நிதானமாக வீடும் பள்ளியும் சேர்த்துப் பார்ப்பது, நவம்பர் மழையில் அவசரமாக வீடு மாறுவதைவிட எல்லோருக்கும் நல்லது. தற்காலிக இடத்தில் இருக்கும் மாதங்களில் விடுமுறை நாட்களில் பகுதி பகுதியாகச் சுற்றிப் பாருங்கள். அலுவலகத்தில் உங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்து மூன்று, நான்கு வருடம் ஆனவர்களிடம் பேசுங்கள். அவர்கள் ஏன் முதல் வீட்டைக் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு உபயோகமான பதில் கிடைக்காது.

வேலை எந்தத் திசையில்?

சென்னையில் வேலைகள் சில திசைகளில் குவிந்திருக்கின்றன. உங்கள் வேலை எந்தத் திசை என்று தெரிந்தால், தேட வேண்டிய பரப்பு உடனே சுருங்கிவிடும்.

தெற்கே ஓ.எம்.ஆர். எனப்படும் ராஜீவ் காந்தி சாலை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று ஐ.டி. நிறுவனங்கள் இந்தச் சாலை நெடுக வளர்ந்தன. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதைகளில் ஒன்று மாதவரத்திலிருந்து இந்தச் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகிறது. ஆனால் இன்று ஓடாத ரயிலை நம்பி இன்று வாடகை கொடுக்காதீர்கள். ‘மெட்ரோ வரப்போகுது சார்’ என்று வீட்டுக்காரர் கூடுதல் வாடகை கேட்டால், அது அவருடைய எதிர்பார்ப்பு. நீங்கள் இன்றைய சாலையில்தான் போய்வர வேண்டும்.

மேற்கே கிண்டி, ராமாபுரம், மணப்பாக்கம், போரூர். இங்கேயும் ஐ.டி. வளாகங்கள் உண்டு. வடமேற்கே அம்பத்தூர், ஆவடி: பழைய தொழிற்பேட்டை, உதிரிபாகத் தொழில்கள், அவற்றோடு புதிய ஐ.டி. அலுவலகங்களும். தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலை நகர்: கார், மின்னணுத் தொழிற்சாலைகள். வங்கி, காப்பீடு, அரசு அலுவலகங்கள் அண்ணா சாலை, நுங்கம்பாக்கம், பாரிமுனை என்று நகரத்துக்குள் பரவியிருக்கின்றன.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்றால் கம்பெனி பஸ் எந்தெந்த ஊரில் நிற்கிறது என்ற பட்டியலை மனிதவளப் பிரிவில் முதலில் வாங்குங்கள். ஒரகடத்தில் வேலை செய்பவர்கள் பலர் தாம்பரம், படப்பை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடியிருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் சாலை ஒரகடத்தைத் தொட்டுச் செல்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் நிற்கிறது. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவருக்குப் பஸ் நிற்கும் இடம் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோவை நம்ப முடியாது.

பாதையைக் கணக்கிடும் முறை

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஞாயிறு காலை அரை மணியில் கடக்கும் தூரம் திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தப் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு வேலை நாளில், நீங்கள் உண்மையாகவே கிளம்பப் போகும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மாலையில் அதே வழியில் திரும்புங்கள். முடிந்தால் மழை நாளிலும் ஒரு முறை.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு வீடுகளுக்கு இடையே வாடகை வித்தியாசம் மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை குறைந்த வீட்டிலிருந்து போய்வரத் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது. மாதம் 22 வேலை நாட்கள் என்றால் 44 மணி நேரம். 4,000 ரூபாய்க்காக மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு முழு நாட்களைச் சாலையில் கொடுக்கிறீர்கள். பெட்ரோல் செலவு இதில் சேரவில்லை. வருமானம் மிக இறுக்கமாக இருந்தால் அதுவும் நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

இந்த ஊரில் ரயில் பாதைக்கு அருகே குடியிருப்பது பெரிய பாதுகாப்பு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஒரு மின்சார ரயில் பாதை. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் ஒன்று. எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இன்னொன்று. மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். 2015-ல் தொடங்கிய மெட்ரோவில் ஒரு பாதை விமான நிலையத்தையும் விம்கோ நகரையும் இணைக்கிறது. மற்றொன்று சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்குப் போகிறது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால், நாளை வேறு திசையில் வேலை கிடைத்தாலும் வீட்டை மாற்றாமல் சமாளிக்கலாம். வண்டி ஓட்டத் தெரியாத மனைவியும் கல்லூரி போகும் மகளும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருவார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை என்பதால், அந்தப் பேருந்துகள் அடிக்கடி வரும் சாலையாகப் பார்த்துக் குடியேறுவதும் குடும்பச் செலவில் நல்ல மிச்சம்.

அடிக்கடி ஊருக்குப் போய்வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்புகின்றன. வெள்ளி இரவு அம்பத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணம். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், தாம்பரத்தை ஒட்டிய பகுதிகளுக்கு இதனாலேயே ஒரு மதிப்பு உண்டு.

தண்ணீரைப் பார்த்த பிறகு வீட்டைப் பாருங்கள்

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளும் வீராணம் ஏரித் தண்ணீரும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களும் சேர்ந்துதான் சென்னையின் குடிநீரைத் தாங்குகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களை நாடே பார்த்தது. குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்பது ஒரே சாலையில்கூட வீட்டுக்கு வீடு மாறும். மெட்ரோ வாட்டர் இணைப்பு, போர் தண்ணீர், லாரித் தண்ணீர் ஆகிய மூன்றில் எது, எந்த மாதத்தில் எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். “தண்ணிப் பிரச்சனையே இல்ல சார்” என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரியோடு மாநகராட்சி எல்லை முடிகிறது. நாவலூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். அங்கே உள்ள அடுக்குமாடிகள் பலவும் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அந்தச் செலவு மெயின்டனன்ஸ் கட்டணத்தில் ஏறும். எனவே கடந்த ஜனவரி மாதத்து மெயின்டனன்ஸ் ரசீதையும் கடந்த மே மாதத்து ரசீதையும் சங்கத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வளாகத்தின் கோடைகாலம். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, தொட்டியில் சேர்ந்து லாரியில் போகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக் குழாய்க்குப் போங்கள். குழாயின் வாயிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழாயைத் திறந்து கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையைத் தேயுங்கள். நுரை சரியாக வராவிட்டால் கடினநீர். வாஷிங் மெஷினும் கீசரும் சீக்கிரம் பழுதாகும், தலைமுடி கொட்டுகிறது என்ற புலம்பல் வீட்டில் ஆரம்பமாகும். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து எடுத்துவந்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் பழுப்பு நிறத்தில் படிவு இருந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம் என்று அர்த்தம். குடிப்பதற்குக் கேன் தண்ணீர், துணிக்கு வேறு தண்ணீர் என்று மாதச் செலவு கூடும். வீட்டுக்காரரிடம் வாடகையைப் பேசும்போது இந்தச் செலவையும் சொல்லிப் பேசலாம்.

மழைக்காலத்தை முன்கூட்டியே பாருங்கள்

கோடையில் பார்த்துப் பிடித்துப்போன வீடு, வடகிழக்குப் பருவமழையில் வேறு முகம் காட்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மடிப்பாக்கம் பகுதிகளில் மக்கள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் இடம். அதன் பெரும்பகுதி குப்பைக்கிடங்காகவும் சாலையாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டதால், தண்ணீர் போக வழியில்லாமல் சுற்றியிருக்கும் தெருக்களில் தேங்குகிறது. மிஞ்சியிருக்கும் சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இதற்காக வேளச்சேரியையோ மடிப்பாக்கத்தையோ முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே பகுதியில் ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இரண்டு தெரு தள்ளி மேடாக இருக்கும். தெருவைத்தான் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டுப் பெரியவர் ஆகியோரிடம் கேளுங்கள்.

“அண்ணா, டிசம்பர் மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி நிக்குமா?”

“நிக்கும் தம்பி. புயல் வந்தப்ப அந்த வீட்டு ரெண்டாம் படி வரைக்கும் வந்துச்சு. வடியறதுக்கு மூணு நாள் ஆச்சு. கரன்ட்டும் இல்ல.”

இப்படி ஒரு பதில் கிடைத்தால், வீடு எந்த மாடி, வண்டி எங்கே நிற்கும், மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, லிஃப்ட் நின்றால் அம்மா எப்படி இறங்குவார் என்று யோசியுங்கள். சாலை மட்டத்தைவிட வீட்டுத் தளம் தாழ்ந்திருந்தால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். பல முறை சாலை போட்டுப் போட்டு உயர்ந்துபோன பழைய தெருக்களில் இப்படிப் பள்ளமாகிவிட்ட வீடுகள் நிறைய. காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் நீளமாகக் கறை ஓடினால் அது தண்ணீர் நின்ற அடையாளம். அடித்தளத்தில் கார் நிறுத்தும் வளாகமானால், தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறதா, மின்சாரம் போனால் அது எதில் ஓடும் என்றும் கேளுங்கள்.

பகலில் வீட்டில் இருப்பவர்களுக்காக

வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். நடக்க நடைபாதை இருக்கிறதா? காய்கறிக் கடை, மருந்துக் கடை, பால் பூத், ஏ.டி.எம். எவ்வளவு தூரம்? வயதானவர் உட்காரக் கோயிலோ பூங்காவோ நூலகமோ உண்டா? நாற்பது மாடி வீட்டில் எல்லா வசதியும் இருந்து, வெளியே வந்தால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை மட்டுமே இருக்குமானால், ஊரில் தினமும் கடைத்தெருவுக்குப் போய்வந்த அம்மா அங்கே அடைபட்டுப் போவார். குரோம்பேட்டை, நங்கநல்லூர், மாம்பலம், மயிலாப்பூர், அம்பத்தூர், பெரம்பூர் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளின் பலம் இதுதான். வீடுகள் பழையவை, பார்க்கிங் இருக்காது. ஆனால் நடந்து போனாலே ஒரு வாழ்க்கை இருக்கும்.

மருத்துவத்துக்கு இரண்டு கேள்விகள்: மாதாமாதம் பார்க்க வேண்டிய டாக்டர் எங்கே, நள்ளிரவில் ஓட வேண்டிய ஆஸ்பத்திரி எங்கே? தனியார் மருத்துவமனை மட்டுமே போதும் என்று எண்ணாமல் அரசு மருத்துவமனையின் தூரத்தையும் பாருங்கள். தாம்பரம் வட்டாரத்துக்குக் குரோம்பேட்டையிலும், தென்சென்னைக்கு 2023-ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் அந்த வசதி உண்டு.

பள்ளியைப் பொறுத்தவரை, வீடு பார்த்து முடித்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு பள்ளியைத் தேடாதீர்கள். இடம் கிடைக்கும் பள்ளி எது என்று உறுதியான பிறகு அதைச் சுற்றி வீடு தேடுங்கள். சின்னப் பிள்ளையை வேனில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட, பெரியவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வது மேல். தனியார் பள்ளியில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க எண்ணினால், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரமும் முகவரிச் சான்றும் முக்கியம். ஒப்பந்தப் பத்திரத்தை அதற்குள் கையில் வைத்திருங்கள்.

பணமும் பத்திரமும்

வாடகை மட்டும் மாதச் செலவு ஆகாது. வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக் குடிபோகும் மாதத்தைக் கணக்கிடுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,00,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 20,000. முதல் மாத வாடகை 20,000. சாமான் ஏற்றி இறக்கும் செலவும் திரைச்சீலை, ஃபேன், கேஸ் இணைப்பு மாற்றம் போன்ற சில்லறைச் செலவுகளும் தனி. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே ஒன்றரை லட்சம் கையில் வேண்டும். புது நிறுவனத்தில் இடமாற்றப் படி உண்டா என்று வேலையில் சேருவதற்கு முன்பே கேட்பது இதனால்தான்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அந்தச் சட்டம் அளவாக வைக்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் அதற்கு மேலும் வாங்கலாம் என்பதால், ஐந்து மாதமும் ஆறு மாதமும் கேட்கும் வழக்கம் தொடர்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பணிவாகப் பேசிப் பாருங்கள். சிலர் குறைப்பார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றுவதற்காக வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். காலி செய்ய எத்தனை மாதம் முன்னே சொல்ல வேண்டும்? வாடகை எப்போது, எவ்வளவு ஏறும்? காலி செய்யும்போது பெயின்டிங் செலவு யாருடையது? மின்கட்டணம் எப்படி? மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம், பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரும் அட்டையும் இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு வரும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குபவரிடம் அது வராது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டு வாடகைப் படிக்கான விலக்குக் கோர வாடகை ரசீது வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். அதைத் தருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீடு மறுக்கப்படும்போது

தனியாக வாழும் பெண், கல்யாணமாகாத ஆண், அசைவம் சமைப்பவர், குறிப்பிட்ட மதத்தவர், குறிப்பிட்ட சாதியினர் என்று காரணம் சொல்லியும் சொல்லாமலும் வீடு மறுப்பது இந்த நகரத்தில் இன்றும் நடக்கிறது. “நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்ற கேள்வி ஊர்ப்பாசத்தால் மட்டும் வருவதில்லை. இது அநியாயம். பாதிக்கப்படுபவர் இதைத் தன் குறையாக எண்ணக் கூடாது. பெயரை மாற்றிச் சொல்லியோ உணவுப் பழக்கத்தை மறைத்தோ வீடு பிடித்தால், பிறகு சொந்த வீட்டிலேயே பயந்து வாழ வேண்டிவரும். புரோக்கர் வழியே அலைவதைவிட, அலுவலக நண்பர்கள் குடியிருக்கும் வளாகங்களிலும், உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அடுக்குமாடிகளிலும் தேடுங்கள். அங்கே இந்தக் கேள்விகள் குறைவு.

ஒரு குடும்பம், மூன்று பகுதிகள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. மனைவிக்குக் கிண்டியில் வங்கி வேலை. மகன் இரண்டாம் வகுப்பு. கணவரின் அம்மாவுக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். நாவலூர், வேளச்சேரி, குரோம்பேட்டை என்று மூன்று பகுதிகள் கண்ணில் படுகின்றன.

நாவலூரில் வீடு புதிது, கணவர் சீக்கிரம் அலுவலகம் போய்விடுவார். ஆனால் மனைவி தினமும் ஓ.எம்.ஆர். முழுவதையும் கடந்து கிண்டி போக வேண்டும். அம்மாவுக்கு நடந்து போக இடம் குறைவு. வேளச்சேரியில் மனைவிக்குப் பயணம் குறைவு, பள்ளியும் மருத்துவமும் அருகில், தெருவைப் பொறுத்து வெள்ள பயம். குரோம்பேட்டையில் மனைவிக்கு மின்சார ரயில், அம்மாவுக்குக் கடைத்தெருவும் அரசு மருத்துவமனையும் பக்கத்தில். ஆனால் கணவர் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஓ.எம்.ஆர். போய் அங்கிருந்து சிறுசேரி போக வேண்டும்.

அம்மாவின் நாளையும் மகனின் நாளையும் முதலில் வைத்தால் நாவலூர் விலகிவிடுகிறது. மீதி இரண்டில் கணவரின் கம்பெனி பஸ் எந்த வழியில் வருகிறது என்பது தீர்மானிக்கும். பல்லாவரம் பக்கம் பஸ் வந்தால் குரோம்பேட்டை. வராவிட்டால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்காத தெருவில், முதல் மாடிக்கு மேல். கணவர் தினமும் கொஞ்சம் அதிகம் பயணம் செய்வார். வீட்டில் மற்ற மூவரின் நாளும் சுலபமாகும். கணவரின் வேலை இடம் மாறினாலும் மகன் அதே பள்ளியில் படிப்பான். உங்கள் குடும்பத்துக்கு விடை வேறாக வரலாம், கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைசிப் பட்டியல்

1. வேலை நாளில், உண்மையான நேரத்தில் போய்வந்து பார்த்தீர்களா?
2. குடும்பத்தில் எல்லோரும் வீட்டை நேரில் பார்த்தார்களா? ஊரில் இருப்பவருக்கு வீடியோ அழைப்பில் தெருவையும் காட்டினீர்களா?
3. கோடையில் எந்தத் தண்ணீர், மழையில் எவ்வளவு தண்ணீர் என்று மூன்று பேரிடமாவது விசாரித்தீர்களா?
4. பள்ளியில் இடம் உறுதியா? நள்ளிரவில் போக ஆஸ்பத்திரி எது?
5. இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா, வீட்டுப் பெண்கள் தயங்காமல் நடந்து வர முடியுமா?
6. செல்போன் சிக்னல் வீட்டின் உள்அறையில் கிடைக்கிறதா?
7. தனி மீட்டர், பான் எண், காலி செய்யும் அவகாசம், பெயின்டிங் செலவு ஆகியவை எழுத்தில் உள்ளனவா?
8. வீட்டுக்கு உரிமையாளர் இவர்தான் என்று சொத்துவரி ரசீதிலோ மின் அட்டையிலோ பெயரைச் சரிபார்த்தீர்களா?

எட்டுக்கும் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வங்கி வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். குடிபோகும் நாளன்று சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் சுவர், குழாய், சுவிட்சு என்று செல்போனில் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். பதினொரு மாதம் கழித்து அட்வான்ஸ் முழுதாகத் திரும்புவதற்கு அந்தப் படங்களைவிட நல்ல சாட்சி கிடையாது.